கேஸ் ஷீட்டும் உப்புக் காற்றும்: ராமநாதபுரம் கடலோர மருத்துவமனைகளுக்கு ரெக்கார்டு ரூம் கேள்வி–பதில்

தொண்டி, தேவிபட்டினத்தில் தொடங்கி மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் வரையிலும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரையிலும் இருக்கிற சின்ன, நடுத்தர மருத்துவமனைகளில் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நடுவில் நோயாளிகளும் உறவினர்களும் கேட்பவை சில உண்டு. பதில்களில் சட்டம் கொஞ்சம், கரையான் கொஞ்சம், கம்ப்யூட்டர் கொஞ்சம் வரும்.

ஸ்கேனர் வாங்கியாச்சு. பழைய கேஸ் ஷீட் எல்லாவற்றையும் முதலில் ஏற்றிவிடலாமா?

வேண்டாம். ஸ்கேன் செய்வதுதான் இந்த வேலையிலேயே சுலபமான பகுதி. ஒரு ஆளும் ஒரு மெஷினும் இருந்தால் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். ஆனால் மூன்று மாதம் கழித்து ஒருவர் வந்து, "போன மார்கழியில் எங்க அப்பாவுக்கு இங்கதான் நெஞ்சுவலிக்குப் பார்த்தீங்க" என்றால் அந்தக் கோப்பு கைக்கு வருமா? நம்பரும் பெயரும் ஒழுங்கில்லாமல் ஏற்றிய பல்லாயிரம் பக்கங்கள் மூட்டை கட்டிப் பரணில் போட்டதைவிட மோசம். மூட்டையில் வருஷமாவது எழுதியிருக்கும்.

ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிற ஒவ்வொரு கோப்பும் முறையாகக் கம்ப்யூட்டருக்குள் போகட்டும். பழையது, அந்த நோயாளி மறுபடி வரும்போது ஏறட்டும். திரும்ப வராதவர்களின் தாள்களைக் காலக்கெடு முடிந்ததும் எப்படியும் அழிக்கத்தான் போகிறீர்கள். அதற்கு ஏன் மின்சாரமும் சம்பளமும்? போலீஸ் கேஸ், பிரசவம், குழந்தைகள், டயாலிசிஸ், புற்றுநோய் ஆகிய கோப்புகளை மட்டும் காத்திருக்காமல் ஏற்றிவிடலாம்.

ஒரே பெயரில் பத்துப் பேர் வருகிறார்கள். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இந்தக் கடற்கரையில் ரெக்கார்டு வேலையின் பாதித் தலைவலி இதுதான். தங்கச்சிமடத்தில் அந்தோணி, கீழக்கரையில் செய்யது, முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து வருகிற முனியசாமி என்று ஒவ்வொரு ஊரிலும் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதுவும் நிலையில்லை. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெண் இங்கே ஒரு இனிஷியலில் இருப்பார், புகுந்த ஊர் ஆஸ்பத்திரியில் இன்னொன்றில் இருப்பார். ஆங்கிலத்தில் தட்டும்போது முனியசாமிக்கு ஒருவர் 'ஒய்' போடுவார், அடுத்த ஷிப்டில் இருப்பவர் போடமாட்டார். கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர்.

இதற்கு மருந்து பழையது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹென்றி பிளம்மர் 1907-இலேயே செய்து காட்டியது: ஒரு நோயாளிக்கு ஆயுளுக்கும் ஒரே நம்பர், அவருடைய எல்லாத் தாளும் அந்த ஒரே கோப்பில். நம் ஊரில் இன்றைக்கும் ஓ.பி. சீட்டுக்குத் தினம் ஒரு நம்பர், அட்மிஷனுக்கு ஒரு ஐ.பி. நம்பர், லேபுக்குத் தனியாக ஒன்று என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அவை இருக்கட்டும். அவற்றுக்கெல்லாம் மேலே நிரந்தர நம்பர் ஒன்று இருக்க வேண்டும்.

புதிய நம்பர் போடுவதற்கு முன்னால் தேட வேண்டும். பெயரை மட்டும் வைத்துத் தேடாமல் பிறந்த வருஷம், அப்பா அல்லது அம்மா பெயர், ஊர், தெரு என்று சேர்த்துத் தேடுங்கள். 'மண்டபம்' என்று மட்டும் எழுதினால் போதாது, எந்தக் குடியிருப்பு என்பதும் வேண்டும். போன் நம்பரை அடையாளமாக நம்ப முடியாது; கணவர் வெளிநாட்டிலோ கடலிலோ இருக்கும் வீட்டில் ஒரே போனில் நாலு பேருக்கு ஓ.பி. போட்டிருப்பார்கள். வயது தெரியாமல் "நாற்பத்தஞ்சு இருக்கும்" என்றால் பிறந்த வருஷத்தைக் கணக்குப் போட்டு எழுதி, பக்கத்தில் 'உத்தேசம்' என்று குறியுங்கள். வயதை அப்படியே எழுதினால் அடுத்த வருஷமே அது தப்பாகிவிடும். கர்ப்பிணி என்றால் பிக்மி என்கிற அரசின் கர்ப்பப் பதிவில் கிடைத்த 12 இலக்க ஆர்.சி.எச். நம்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இனிஷியல் எத்தனை முறை மாறினாலும் அது மாறாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே ஆளுக்கு இரண்டு நம்பர் விழும். கண்டுபிடித்தால் ஒன்றை அழித்துவிடாதீர்கள். பழைய நம்பரைத் தட்டினாலும் சரியான கோப்பே திறக்கிற மாதிரி இணைத்துவையுங்கள், ஏனென்றால் நோயாளி கையில் இருக்கிற சீட்டில் பழைய நம்பர்தான் இருக்கும்.

கம்ப்யூட்டர் வந்தபின் தாளை எப்படி அடுக்கினால் என்ன?

இன்னும் பல வருஷம் தாள் இருக்கத்தான் போகிறது. கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் நர்ஸ் சார்ட்டும் காகிதத்தில்தான் வருகின்றன.

கோப்பு சில ஆயிரம்தான் என்றால் வரிசை எண்படி அடுக்குங்கள், போதும். அதற்கு மேல் போனால் கடைசி இரண்டு எண்ணை வைத்து அடுக்குகிற முறைக்கு மாறிவிடுவது நல்லது. நம்பர் 04-27-63 என்று வைத்துக்கொள்வோம். வலமிருந்து படிக்க வேண்டும். 63-ஆம் தட்டுக்குப் போய், அதில் 27-ஆம் பிரிவில், நாலாவது கோப்பு. மொத்தம் 00 முதல் 99 வரை நூறு தட்டுகள். புதிய கோப்புகள் ஒரே மூலையில் குவியாமல் நூறு இடங்களுக்கும் பரவும். பழையதைக் கழிக்கும்போதும் எல்லாத் தட்டிலும் ஒரே அளவு காலியாகும். முதல் வாரம் எல்லோரும் திட்டுவார்கள், அப்புறம் பழகிவிடும்.

கோப்பு வெளியே போனால் அந்த இடத்தில் யார், எப்போது எடுத்தார்கள் என்று எழுதிய அட்டை நிற்க வேண்டும். எந்த மென்பொருளும் இந்த அட்டைக்கு ஈடாகாது என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் ரெக்கார்டு ரூம் கடலுக்கு ரொம்பப் பக்கம். தாள் நமுத்துப்போகிறது, பின் துருப்பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

காற்றில் இருக்கும் உப்பே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூசணம் பிடிக்கத் தொடங்கும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள், விலை அதிகமில்லை.

பலர் செய்கிற காரியம், பகலில் ஏ.சி. போட்டுவிட்டு மாலையில் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவது. குளிர்ந்த சுவரிலும் இரும்பு ரேக்கிலும் இரவில் வெக்கைக் காற்று பட்டால் நீர் கோக்கும். இப்படி மாறி மாறிப் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம். காற்றோட்டமும் ஒரு ஈரமுறிஞ்சும் மெஷினும் இருந்தாலே பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

ரேக்கைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். கடைசித் தட்டு தரையிலிருந்து அரையடியாவது உயரத்தில் இருக்கட்டும். ஸ்டேப்ளர் பின், குண்டூசி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நூல் டேக் போடுங்கள்; துரு பரவினால் எழுத்தோடு சேர்த்துத் தாளை அரித்துவிடும். கரையானுக்குத் தரை ஓரத்தில் மருந்தடிக்க வேண்டும். ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் தூசியும்தான் தீனி, மாதம் ஒருமுறை தட்டிப் பெருக்கினால் குறையும். அந்துருண்டை போடுவதால் பூசணம் நிற்காது, அங்கே வேலை பார்ப்பவருக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

ஈ.சி.ஜி. தாள், சில லேப் மெஷின்களிலிருந்து வரும் ரசீது மாதிரியான சுருள் தாள் எல்லாம் சூட்டில் எழுத்து வரும் வகை. இந்த வெயிலில் அவை தானாகவே வெளிறிப்போகும். பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம். வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. நனைந்த கோப்புகளைக் காப்பாற்ற முடியுமா?

முடியும், 48 மணி நேரத்துக்குள் கை வைத்தால். அதற்குமேல் பூசணம் முந்திக்கொள்ளும்.

நனைந்த கட்டைப் பிரித்துப் புரட்டாதீர்கள், கிழியும். கொஞ்சம்தான் நனைந்திருக்கிறது என்றால் நிழலில், மின்விசிறிக்குக் கீழே விரித்து, இருபது முப்பது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, அது நனைய நனைய மாற்றுங்கள். வெயிலில் காயவைத்தால் தாள் சுருண்டு மை வெளுக்கும். கடல் தண்ணீரே புகுந்திருந்தால் நல்ல தண்ணீரில் ஒருமுறை மெதுவாக அலசிய பிறகே உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். பால்பாயின்ட் பேனா எழுத்து இதைத் தாங்கும். மை பேனா எழுத்து கரையும், அதை அலசாதீர்கள்.

நூற்றுக்கணக்கில் நனைந்திருந்தால் உலர்த்த ஆளும் இடமும் இருக்காது. அப்போது உறைய வைக்க வேண்டும். உறைந்த தாளில் பூசணம் வளராது, அவசரமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது எட்டாத யோசனை. இறாலும் மீனும் ஏற்றுமதியாகிற இந்தக் கரையிலோ கோல்டு ஸ்டோரேஜ் இருக்கிறது. கோப்புகளைச் சிறு கட்டாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, நம்பர் எழுதி, சீல் வைத்து ஒரு மூலை கேட்டுப் பாருங்கள். புயல் வந்தபின் கேட்பதைவிடப் புரட்டாசியிலேயே பேசி வைத்துக்கொள்வது உத்தமம். கீழ்த்தட்டுக் கோப்புகளை மேலே ஏற்றுகிற வேலையையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, அதே மாதத்தில் முடித்துவிடுங்கள்.

எக்ஸ்-ரே ஃபிலிம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே தனித்தனியாகக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

ஸ்கேன் செய்யும்போது என்ன அளவு வைக்க வேண்டும்?

300 டி.பி.ஐ., வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பு மையில் எழுதிய அலர்ஜி எச்சரிக்கை சாதாரண வரியாகிவிடும். பின்பக்கத்தையும் விடாதீர்கள். பி.டி.எஃப்./ஏ என்ற ஆவண வடிவத்தில் சேமியுங்கள். நெடுநாள் பாதுகாப்புக்காகவே 2005-இல் ஐ.எஸ்.ஓ. தரமாக வந்தது அது, எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஃபைல் சின்னதாக வேண்டும் என்று அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசெல் என்ற கணினி ஆய்வாளர் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். சில ஸ்கேனர்கள் ஒரே மாதிரி தெரிகிற எழுத்துகளை ஒரே உருவாகச் சேமிக்கும் ஜேபிக்2 என்ற அழுத்த முறையால், 6 இருந்த இடத்தில் 8 போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. பக்கம் மங்கலாகத் தெரிந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அது தெளிவாகவே இருந்தது, எண் மட்டும் வேறு. சர்க்கரை 160 என்பது 180 ஆகிற இடத்தில் இது விளையாட்டில்லை. எனவே ஸ்கேன் ஆனதும் பக்க எண்ணிக்கையைச் சரிபாருங்கள். தினமும் சில கோப்புகளை எடுத்து மூலத்தோடு எண்களை ஒப்பிட்டும் பாருங்கள்.

நோயின் பெயருக்குக் குறியீடு போடச் சொல்கிறார்கள். அவசியமா?

தேடலுக்கு அவசியம். ஒரு டாக்டர் 'திருக்கை முள்' என்று எழுதுவார், இன்னொருவர் 'மீன் குத்து' என்பார், மூன்றாமவர் 'காலில் புண்' என்று முடித்துவிடுவார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் மீன் குத்தி ஏறும் விஷத்துக்கு டி63.5 ('டி' என்பது ஆங்கில T), சொறி மீன் போன்ற மற்றக் கடல் உயிரிகளுக்கு டி63.6, பாம்புக்கடிக்கு டி63.0. இப்படிப் போட்டு வைத்தால் எந்த மாதத்தில் எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று ஒரு நிமிடத்தில் வரும். கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களுக்குக் கால் கையில் ஏற்படும் காயங்களை யாராவது கணக்கெடுக்க வேண்டுமென்றால் இந்தக் குறியீடு இருந்தால்தான் நடக்கும். ஐ.சி.டி.-11 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் உங்கள் மென்பொருளும் மேலிடமும் எதைக் கேட்கின்றனவோ அதிலேயே இருங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும்?

2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தின் கீழ் வரும் ஸ்கேன் படிவங்களுக்கு 2 வருஷம், கருக்கலைப்புச் சட்டத்தின் அட்மிஷன் பதிவேட்டுக்கு 5 வருஷம். எதில் வழக்கு இருந்தாலும் அது முடியும்வரை. அரசு மருத்துவமனை என்றால் துறையின் ஆணைப்படி நடக்க வேண்டும்.

இதெல்லாம் குறைந்தபட்சக் கணக்கு. குழந்தை மேஜராகி, அதற்குப் பிறகும் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வழி உண்டு என்பதால் பிரசவ, குழந்தைக் கோப்புகளை 21 வயதுவரை வைத்திருப்பது புத்திசாலித்தனம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2016 மின்னணு மருத்துவப் பதிவுத் தரங்களோ, கம்ப்யூட்டரில் உள்ள பதிவை நோயாளியின் ஆயுள் முழுக்க அழிக்கக் கூடாது என்கின்றன. நோயாளிகளின் பெயர்–நம்பர் பட்டியலுக்கு முடிவே கிடையாது, அது என்றைக்கும் இருக்க வேண்டும்.

எங்க அம்மாவின் கேஸ் ஷீட் நகல் கேட்டால் "அதெல்லாம் தர மாட்டோம்" என்கிறார்கள். உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. அதே 2002 விதிகளில், நோயாளியோ அவர் அனுமதித்த உதவியாளரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று உள்ளது. வாயால் கேட்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் பெயர், ஐ.பி. நம்பர், அட்மிஷன் தேதி, என்னென்ன தாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, இன்னொரு பிரதியில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். அம்மாவுக்கு வர முடியாவிட்டால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அடையாள அட்டை நகலும் வேண்டும். நகல் எடுக்கிற செலவை வாங்கலாம், மூலத்தைத் தர மாட்டார்கள், கேட்கவும் கூடாது. அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் மனுப் போடலாம். 30 நாள், உயிர் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம்.

மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள் என்றால் ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஈ.சி.ஜி.யையும் கேட்டு வாங்குங்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் இறங்கியபின் "என்ன ஊசி போட்டாங்க?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. மருத்துவமனைக்காரர்களும் இதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு அனுப்பாமல், சம்பந்தப்பட்ட டாக்டருக்கு மட்டும் அனுப்பப் பழக வேண்டும்.

போலீஸ் கேஸ் கோப்பை ஸ்கேன் செய்துவிட்டால் மூலத்தை அழிக்கலாமா?

கூடாது. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரும் அதன் ஏ.ஆர். காப்பிகளும் தனி பீரோவில், பூட்டின கதவுக்குள் இருக்க வேண்டும். படகு விபத்து, கடலில் காயம், அடிதடி எதுவானாலும் இழப்பீடு, காப்பீடு, வழக்கு மூன்றுக்கும் அந்த ஒரு பக்கத்தைத்தான் முதலில் கேட்பார்கள். நீதிமன்றமோ போலீஸோ எழுத்தில் கேட்டு மூலத்தைக் கொடுக்க நேர்ந்தால், நகல் எடுத்து வைத்து, ரசீது வாங்கி, அதையும் கோப்பில் சேருங்கள்.

கம்ப்யூட்டர் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொல்லிக்கொண்டிருந்தது இதுதான். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடுகிற அடையாளக் குறியீடு) எழுத வேண்டும், ஆகவே ஸ்கேன் ஆன அன்றே அதைக் கணக்கிட்டுச் சேமிக்கிற மென்பொருளாகப் பாருங்கள்.

மனநலச் சிகிச்சைக் கோப்புகளுக்குத் தனி விதி உண்டா?

உண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது, 25-ஆம் பிரிவு நோயாளிக்குத் தன் அடிப்படை மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமை தருகிறது. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்த மாவட்டம் இது. வெளியூரிலிருந்து கொண்டுவந்து விடப்படுகிறவர்களுக்கு ஊர், உறவினர், புகைப்படம், யார் கொண்டுவந்தார் என்ற விவரம் முதல் நாளே பதிவாக வேண்டும். கம்ப்யூட்டரில் இந்தக் கோப்புகளை எல்லா ஊழியரும் திறக்க முடியாதபடி அனுமதியைக் குறையுங்கள். யார் எப்போது திறந்தார்கள் என்ற வரலாறும் பதிவாகட்டும்.

புயலில் சர்வர் போய்விட்டால்?

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். ராமேஸ்வரம் தீவில் இருக்கிறவர்கள் வெளியூர்ப் பிரதியைப் பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம், மதுரையிலோ இன்னும் தள்ளியோ வைக்க வேண்டும். தங்கச்சிமடத்தில் வைத்தால் அதுவும் அதே புயலில்தான் மாட்டும்.

ஒரு பிரதியாவது நெட்வொர்க்கில் இணையாமல் தனி ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். 2022 நவம்பர் 23-இல் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் ரான்சம்வேர் (தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற நச்சு மென்பொருள்) தாக்குதலில் முடங்கின. சுமார் இரண்டு வாரம் ஓ.பி. சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை கையால் எழுதினார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. அச்சடித்த ஓ.பி. சீட்டுக் கட்டும் அட்மிஷன் நோட்டும் ஒரு பெட்டியில் தயாராக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். திறக்க முடியாத பேக்கப்பை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நிறைய.

சர்வரை ஜன்னலோரம் வைக்காதீர்கள். அதன் விசிறி உப்புக் காற்றை உள்ளே இழுத்து, போர்டில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். சி.டி.யில் எழுதி வைப்பதையும் நம்ப வேண்டாம், இந்த வெக்கையில் அதன் சாயப் பூச்சு கெட்டுப்போகும்.

ஆபா நம்பர் இருந்தால் நாங்கள் தனி நம்பர் போட வேண்டுமா?

வேண்டும். ஆபா என்பது 14 இலக்க சுகாதார அடையாள எண், ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் வருவது, விருப்பப்பட்டவர்கள் எடுத்துக்கொள்வது. இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாதவருக்குச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. தரிசனத்துக்கு வந்து மயங்கி விழுந்த வடநாட்டுப் பக்தரிடம் அந்த நேரத்தில் எந்த எண்ணும் கிடைக்காது.

எந்த மென்பொருள் வாங்கலாம்?

பெயர் சொல்வதைவிட ஒரு கேள்வி சொல்கிறேன்: "நாளைக்கு உங்களை விட்டு நாங்கள் போனால் எங்கள் தரவை எந்த வடிவத்தில் தருவீர்கள்?" மழுப்பினால் வேறு கடை பாருங்கள். காசில்லாமல் வேண்டுமென்றால் ஓப்பன்எம்.ஆர்.எஸ்., அதன் மேல் இந்தியாவில் உருவான பாம்னி இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். நிறுவித் தரவும் பிற்பாடு பார்த்துக்கொள்ளவும் ஆள் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

காலம் முடிந்த கோப்புகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போடலாமா?

கூடவே கூடாது. யாரோ ஒரு பெண்ணின் பரிசோதனை முடிவில் சுண்டல் மடித்து வரும். கழிக்க வேண்டிய நம்பர்களின் பட்டியலைத் தயாரித்து, போலீஸ் கேஸும் நிலுவை வழக்கும் குழந்தைகள் கோப்பும் அதில் இல்லை என்று இருவர் பார்த்துக் கையெழுத்திடட்டும். செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்து, வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ள அவகாசம் விடுவது நல்ல வழக்கம். பிறகு கண்ணெதிரே நறுக்கும் மெஷினில் போட்டு, பட்டியலை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-ரே ஃபிலிமில் வெள்ளி இருப்பதால் அதை எடுக்கிறவர்கள் காசு கொடுத்தே வாங்குவார்கள். பெயரும் நம்பரும் உள்ள மூலையை வெட்டி எடுத்துவிட்டு, எடை போட்டு, ரசீது வாங்கிக் கொடுங்கள்.